மழை விடற வரைக்கும் கைக்கு வேலை

எங்க பக்கம் குளிர்காலம்னு தனியா ஒண்ணு கிடையாது. பனி கொட்டி, கதவைச் சாத்திக்கிட்டு, நெருப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்து புத்தகம் படிக்கிற குளிர்காலத்தை சினிமாவுலதான் பார்த்திருக்கோம். மார்கழி விடியக்காலையில இருபது, இருபத்தொண்ணு டிகிரி வந்தாலே காதைச் சுத்தி துண்டைக் கட்டிக்கிட்டு "என்ன குளிரு, என்ன குளிரு"ன்னு புலம்புற ஆளுங்க நாங்க. ஆனா ஐப்பசியில ஆரம்பிச்சு தை பொறக்கற வரைக்கும் மூணு மாசம் இருக்கே, அதுதான் எங்களுக்குக் குளிர்காலம். மழை, ஈரம், சீக்கிரமே வந்துடற இருட்டு, அப்புறம் பனி. எல்லாத்துக்கும் மேல, காத்திருக்கறது.

என்ன காத்திருப்புன்னு டவுன்ல இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன். எங்க ஊரு மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல. கடைமடை. மேட்டூர்ல ஜூன் 12 அன்னைக்குத் தண்ணி தொறந்தாங்கன்னு டிவியில பூ தூவறதைக் காட்டுவாங்க. அந்தத் தண்ணி கல்லணைக்கு வந்து, வெண்ணாத்துல இறங்கி, நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புல பிரிஞ்சு, கோரையாத்து வழியா எங்க வாய்க்காலுக்கு வந்து எட்டிப் பார்க்கறதுக்குள்ள மேல இருக்கறவன் குறுவை நட்டே முடிச்சிருப்பான். அதனால எங்களுக்கு ஒரே போகம், சம்பா. ஆவணியில விதைச்சோம்னா புரட்டாசியில களை, ஐப்பசியில உரம். நாங்க போடறது பெரும்பாலும் சி.ஆர். 1009. நூத்தி அம்பத்தஞ்சு, நூத்தி அறுபது நாள் வயசு. அந்த வயசுல கடைசி அறுபது எழுபது நாளைக்கு நாம செய்யறதுக்குன்னு பெரிசா ஒண்ணும் இல்ல. பயிர் அது பாட்டுக்கு நிக்கும். ஆனா கெட்டுப் போறதுக்கான வழி எல்லாம் அந்த அறுபது எழுபது நாள்லதான் இருக்கு. வருஷத்து மழையில பாதிக்கு மேல எங்களுக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். வங்கக்கடல்ல ஒரு தாழ்வு மண்டலம் உருவாச்சுன்னா வயல் ஏரியாயிடும். வடிஞ்சா பயிர் பிழைக்கும், வடியலேன்னா அழுகும். மழை விட்டா புகையான் வரும், இலைச்சுருட்டுப் புழு வரும். கதிர் வந்தா எலி வரும். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்திருக்கீங்க, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, கதவு தொறக்கறப்ப எல்லாம் எழுந்து நிக்கறீங்க. ரெண்டரை மாசம் அப்படி உட்கார்ந்து பாருங்க.

இதுல ஒரு விஷயத்தைச் சொல்லாம மேல போனா அது யோக்கியமா இருக்காது. பொழுது போகலை, மனசு பாரமா இருக்குங்கறது நிலம் வச்சிருக்கறவன் கவலை. கூலிக்குப் போறவங்களுக்கு இந்த மாசங்கள்ல நடவும் கிடையாது, அறுப்பும் கிடையாது. நூறு நாள் வேலையும் மழையில நின்னு போயிடும். அவங்க கவலை அடுப்பு எரியணுமேங்கறது. அந்தக் காலத்துல கார்த்திகை, மார்கழியில கடன் வாங்கித் தின்னுட்டு தை அறுப்புல கழிச்சவங்க கதையை எங்க தெருவுலயும் கேக்கலாம், தெக்குத் தெருவுலயும் கேக்கலாம். யார் வாங்கினது, யார் குடுத்ததுங்கறதுதான் வித்தியாசம். இப்ப ரேஷன் அரிசி வந்ததால பட்டினி இல்ல. ஆனா கையில காசில்லாம, செய்ய வேலையில்லாம, நனைஞ்ச சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கற ஆம்பளைக்கு சாயங்காலம் ஆனா கால் எந்தக் கடைப் பக்கம் போகும்னு உங்களுக்கே தெரியும்.

எங்க பாட்டி காலத்துல மழைக்கு முன்னாடியே ஒரு மழைக்காலத்து வேலை நடக்கும். புரட்டாசி வெயில் சுள்ளுனு அடிக்கும்ல, அந்த வெயிலை வீணாக்க மாட்டாங்க. நெல்லை அவிச்சுக் காயவச்சு மூணு மாசத்துக்கு அரைச்சு வச்சுக்கறது, விறகு பொளந்து பரண்ல ஏத்தறது, வறட்டி தட்டி அடுக்கறது, புளி, மிளகா, உப்பு, வத்தல் எல்லாம் பானை பானையா. மழை இறங்கிட்டா துணியே காயாது, அப்புறம் மிளகா எங்க காயறது? பள்ளிக்கூடத்து யூனிபாரத்தை அடுப்பு மேல கொடி கட்டிக் காயவச்சு, புகை வாசனையோடயே போவோம். வகுப்பே அடுப்பங்கரை மாதிரி மணக்கும்.

வீட்டுல ஒரு மர்பி ரேடியோ. எங்க தாத்தாவுக்கு மழைக்காலத்துல அதுதான் துணை. தஞ்சாவூர் ஜில்லாக்காரங்களுக்கு ரேடியோன்னா வெறும் பாட்டுப் பெட்டி இல்ல. 1960-கள்ல ஆடுதுறை 27 நெல்லை திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே ஊர் ஊரா பரப்பிச்சு. அதுக்கு ரேடியோ நெல்லுன்னே பேராயிடுச்சு. தாத்தா வானிலை அறிக்கையைக் கேட்டுட்டு அணைச்சிடுவார். அடுத்த அறிக்கை வரைக்கும் கவலைக்கு லீவு. இப்ப அந்த லீவு கிடையாது. கையில போன், போன்ல ஆப், ஆப்ல கலர் கலரா காத்து சுத்துது. அந்தமான் பக்கத்துல சுத்தறப்பவே இங்க திண்ணையில ஒருத்தன் தூக்கம் கெட்டுப் போறான். ஒரு ஆளு மழை உண்டுங்கறாரு, இன்னொரு ஆளு இல்லேங்கறாரு, ரெண்டு பேரையும் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பார்த்துக்கிட்டிருக்கான். நான் வானிலை பார்க்க வேணாம்னு சொல்லல. மேலுரம் போடறதுக்கு முன்னாடி நானும் பார்க்கறேன், அதுல எவ்வளவோ காசு மிச்சமாயிருக்கு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அதோட போனை மாடத்துல வச்சிடறது. இது என் கணக்கு.

எங்க சித்தப்பா கதையைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வரேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுது, ஆனா என்னை ரொம்ப அழவச்சுடாதே"ன்னார்.

2008 நவம்பர் கடைசியில நிஷா புயல் வந்தது ஞாபகம் இருக்கறவங்க இருப்பீங்க. காத்து அதிகமில்ல, மழைதான். எங்க வயக்காடு மொத்தமும் தண்ணிக்குள்ள. வடிகால் வாய்க்கால்ல ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைச்சுக்கிட்டு, பன்னெண்டு நாள் தண்ணி அசையல. சித்தப்பாவுக்கு ஆறு ஏக்கர். தண்ணி வடிஞ்சப்ப பயிர் இல்ல, ஒரு நாத்தம்தான் இருந்தது. அந்த வருஷத்தை எப்படியோ தாண்டிட்டார், கடன் வாங்கி, நகை வச்சு, எல்லாரையும் மாதிரி. பிரச்சினை அடுத்த வருஷத்துல இருந்துதான் ஆரம்பிச்சது. ஐப்பசியில முதல் மழை விழுந்ததும் மனுஷன் மாறிடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போவார். வந்து படுப்பார், திரும்பவும் போவார். சாப்பாட்டுல உட்கார்ந்தா பிசைஞ்சுக்கிட்டே இருப்பார். பகல் பூரா திண்ணையில உட்கார்ந்து கூரை நுனியில சொட்டற தண்ணியையே பார்த்துக்கிட்டிருப்பார். பேச்சு கிடையாது. தை பொறந்து வெயில் வந்தா தானா சரியாகும். மூணு மழைக்காலம் இப்படியே போச்சு. மூணாவது வருஷம் சித்தி பூச்சிமருந்து டப்பாவையெல்லாம் எடுத்து எங்க வீட்டுப் பத்தாயத்துக்குள்ள வச்சுப் பூட்டிட்டு சாவியை என் அம்மாகிட்ட குடுத்துட்டாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கல.

தஞ்சாவூர்ல ஒரு மனநல டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். நல்ல மனுஷர். வியாதிதான், வெக்கப்பட ஒண்ணும் இல்லேன்னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தார். ரெண்டு வருஷம் விடாம சாப்பிட்டார் சித்தப்பா. இதை ஏன் சொல்றேன்னா, இனிமே சொல்லப்போறதைப் படிச்சுட்டு "வேலை செஞ்சா எல்லாம் சரியாயிடும்"னு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுடக் கூடாது. மாத்திரை தூக்கத்தைக் குடுத்தது. டாக்டரே கேட்டார், "தூங்கி எழுந்ததுக்கு அப்புறம் பகல்ல என்ன செய்யறார்?"னு. அதுக்குத்தான் எங்ககிட்ட பதில் இல்ல.

சித்தப்பா மகன் பெங்களூர்ல இருக்கான். அப்பாவுக்குப் பொழுது போகட்டும்னு பெரிய டிவி வாங்கிக் குடுத்தான். டிவியில புயல் செய்தி ஓடிச்சு. சரி, கைக்கு ஏதாவது வேலை குடுப்போம்னு அவனே ஒரு யோசனை பண்ணினான். உளுந்தையும் பச்சைப்பயறையும் ஒரு முறத்துல கலந்து கொண்டாந்து, "அப்பா, மூட்டை பிரிஞ்சு கலந்து போச்சு, பொறுக்கிக் குடுங்க"ன்னான். சித்தப்பா அரைமணி நேரம் குனிஞ்சு பொறுக்கினார். அப்புறம் நிமிர்ந்து, "யாருடா இதைக் கலந்தது?"ன்னார்.

"மூட்டை பிரிஞ்சுப்பா..."

"மூட்டை பிரிஞ்சா ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருக்கும். இது கையை விட்டுக் கிளறினது. பைத்தியத்துக்குக் குடுக்கற வேலையாடா இது?"

முறத்தை நகத்திட்டு எழுந்து திரும்பவும் திண்ணைக்குப் போயிட்டார். தம்பி முகத்தைப் பார்க்க முடியல. அவன் நல்ல எண்ணத்துலதான் செஞ்சான். ஆனா அம்பது வருஷம் மண்ணுல புழங்கின கை அது. எது வேலை, எது வேலை மாதிரி இருக்கறதுன்னு அந்தக் கைக்குத் தெரியும்.

நிஜ வேலை தானா வந்தது. அதே ஐப்பசி, தெக்குத் தெருவுல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. எங்க வயல்ல களை எடுக்க, நடவுக்குன்னு காலம் காலமா வர்றவங்க. அவங்க வீட்டுக் கூரை ரெண்டு இடத்துல ஒழுகுது, புதுசாக் கீத்து வாங்கறதுக்குக் காசில்ல. "பெரியவரே, கொல்லையில மட்டை கிடக்கா?"ன்னு கேட்டாங்க. தென்னை மட்டை கிடந்துச்சு, நாப்பது அம்பது. கீத்து முடையறது எப்படின்னு தெரியாதவங்களுக்கு: மட்டையைக் குட்டையில ஊறப் போடணும். ரெண்டு மூணு நாள் ஊறினாத்தான் ஓலை துவண்டு வரும். அப்புறம் நடு மட்டையை நீளவாக்குல ரெண்டாப் பொளந்து, ஒரு பக்கத்து ஓலையை ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு கோத்துக் கோத்து முடையணும். நெருக்கி முடைஞ்சா தண்ணி இறங்காது, தளர்த்தி முடைஞ்சா முதல் மழையிலயே சல்லடை. அந்த அக்காவுக்கு அப்ப வலது கட்டைவிரல்ல அருவா வெட்டு, கட்டு போட்டிருந்தாங்க. முடைய முடியும், மட்டையைப் பொளக்க முடியாது.

சித்தப்பா எழுந்து போய் அருவாளை எடுத்துக்கிட்டு வந்தார். யாரும் சொல்லல.

எங்க மாட்டுக் கொட்டகையில உட்கார்ந்துதான் வேலை. வெளியில மழை, உள்ள மாடு அசை போடுது, கொசுவுக்கு நொச்சித் தழையைப் போட்டுப் புகை மூட்டம். இவர் பொளந்து குடுக்க, அவங்க முடைய. முதல் நாள் பேச்சே இல்ல. ரெண்டாம் நாள் அவர் தானும் ஒண்ணு முடைஞ்சு பார்த்தார். அந்த அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, "என்ன பெரியவரே, கோழி கிண்டின மாதிரி இருக்கு"ன்னாங்க. சித்தப்பா சிரிச்சார். சித்தி அடுப்பங்கரையில இருந்து ஓடி வந்து பார்த்தாங்க. நாலாவது மழைக்காலத்துல கேட்ட முதல் சிரிப்பு.

அந்தக் கூரைக்கு ஐப்பசி முடியறதுக்குள்ள கீத்து ஏறிடுச்சு. காசு வாங்கிக்க மாட்டேன்னுட்டார் சித்தப்பா. அந்த அக்கா மறுநாள் ஒரு சட்டி நிறைய வயல் நண்டு கொண்டாந்து குடுத்தாங்க. நண்டை இடிச்சு சாறு எடுத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். மழைக்காலத்துச் சளிக்கு அதை மிஞ்சின மருந்து கிடையாதுங்கறது எங்க ஊரு நம்பிக்கை. மருந்தோ இல்லையோ, ருசிக்கு நான் கியாரண்டி.

அடுத்த வருஷம் புரட்டாசியிலயே மட்டை சேர்க்க ஆரம்பிச்சுட்டார். தெருவுல கேலி பண்ணினாங்க, "என்ன, பொம்பளை வேலையைப் புடிச்சுக்கிட்டீங்க"ன்னு. அதுக்குள்ள வேற ஒரு கணக்கும் இருந்துச்சு, யாரோட உட்கார்ந்து செய்யறார்ங்கற கணக்கு. அதை வாய்விட்டுச் சொல்லாம பொம்பளை வேலைன்னாங்க. சித்தப்பா ஒரே பதில்தான் சொன்னார்: "ஆம்பளை முடைஞ்ச கீத்தா, பொம்பளை முடைஞ்ச கீத்தான்னு கேட்டுக்கிட்டா மழை பெய்யுது?"

2018 கஜா புயல். நவம்பர் 15 ராத்திரி ஆரம்பிச்சு 16 விடியறப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. அந்தச் சத்தத்தைப் பத்தி எழுத மாட்டேன், கேட்டவங்களுக்குத் தெரியும். விடிஞ்சு கதவைத் தொறந்தா ஊரு அடையாளம் தெரியல, ஏன்னா மரம் இல்ல. மரத்தை வச்சுத்தான் ஊரை அடையாளம் வச்சிருக்கோம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. சித்தப்பாவோட அப்பா வச்ச தென்னை, அறுபத்திரெண்டு மரம். நாலு நின்னுச்சு. அதுல ரெண்டுக்குத் தலை இல்ல. நெல்லு பரவாயில்ல, குட்டைப் பருவத்துல இருந்ததால காத்துக்குத் தப்பிச்சது. போனது கூரையும் தென்னையும்.

நாங்க எல்லாரும் பயந்தது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். சித்தி என்னைப் பார்த்தாங்க, நான் பத்தாயத்தைப் பார்த்தேன். சித்தப்பா கொல்லைக்குப் போய் விழுந்த மரம் ஒவ்வொண்ணா கையால தொட்டுக்கிட்டே நடந்தார். கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து சொன்னது, "தம்பி, மட்டை காயறதுக்குள்ள வெட்டித் தண்ணியில போடணும். ஊருல ஒரு வீட்டுக்கும் கூரை இல்ல."

அவ்வளவு மட்டையை எங்க ஊரு எந்தக் காலத்துலயும் பார்த்ததில்ல. குட்டை, வாய்க்கால், வயல் ஓரம், எங்க பார்த்தாலும் மட்டை ஊறுது. கோயில் மண்டபத்துல உட்கார்ந்து முடைஞ்சோம். ரெண்டு தெருக்காரங்களும், பள்ளிக்கூடம் இல்லாத பசங்களும். முடையத் தெரியாதவங்க மட்டை பொளந்தாங்க, அதுவும் தெரியாதவங்க டீ போட்டாங்க. நான் ரெண்டாவது ரகம். விழுந்த மரத்தோட குருத்தை வெட்டித் தின்னோம். தென்னங்குருத்து அவ்வளவு இனிப்பா இருக்கும், ஆனா ஒரு மரம் செத்தாத்தான் கிடைக்கும். மென்னுக்கிட்டே அழுதவங்க இருக்காங்க. கரண்ட் வர இருபது நாளுக்கு மேல ஆச்சு. வெளி மாவட்டத்துல இருந்து, கேரளாவுல இருந்துகூட மின்வாரிய ஆளுங்க வந்து இடுப்பளவு சேத்துல கம்பத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாங்க. அவங்களுக்கு எங்க ஊரு இன்னும் கடன்பட்டிருக்கு.

ஒரு வாரத்துல கார்த்திகை தீபம், நவம்பர் 23. கொண்டாடறதா வேணாமான்னு பெரியவங்க பேசினாங்க. எண்ணெய் இல்ல. நிவாரணத்துல வந்த எண்ணெயில சமையலுக்குப் போக மிச்சம் பிடிச்சு வீட்டுக்கு ரெண்டு விளக்குன்னு முடிவாச்சு. பசங்க அதுக்கு முன்னாடியே பனம்பாளையைச் சுட்டுக் கரியாக்கி, பொடி பண்ணி, துணியில சுருட்டி மாவளி கட்டி வச்சிருந்தாங்க. இருட்டுன்னா அப்படி ஒரு இருட்டு, சுத்துவட்டாரத்துல ஒரு பல்பு கிடையாது. அதுல வாசலுக்கு ரெண்டு அகல், நடுத்தெருவுல பசங்க மாவளியைச் சுத்தறப்ப பொறி வட்டமா பறக்குது. எங்க அம்மா சொன்னாங்க, கரண்ட் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கார்த்திகையும் இப்படித்தான் இருந்துச்சுன்னு.

அந்த ராத்திரிகள்ல சித்தப்பா அழுதார்னு சித்தி அப்புறமா சொன்னாங்க. அழட்டும். விடிஞ்சா மண்டபத்துக்கு முதல் ஆளா வந்துடுவார். நாளைக்கு இருபது கீத்து அவர் கணக்கு. அந்த அக்கா அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல முடைவாங்க, அதைச் சொல்லிக் காட்டவும் செய்வாங்க.

இப்ப எங்க ஊருல கூரை வீடு குறைஞ்சு போச்சு. திட்டத்துல கட்டின காங்கிரீட் வீடு, தகர ஷெட்டு. நல்லதுதான், ஒழுகற வீட்டுல குடியிருக்கறவங்க கூரையோட அழகைப் பத்திப் பேச மாட்டாங்க. மாட்டுக் கொட்டகைக்கும், கல்யாணப் பந்தலுக்கும், ரோட்டோர டீக்கடைக்கும் கீத்து இன்னும் போகுது. அதனால கொட்டகை வேலை நிக்கல. கூடவே வேற வேலைகளும் சேர்ந்துக்கிச்சு. வடிகால்ல ஆகாயத்தாமரை அரிக்கறது இப்ப ஐப்பசியில எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு ஆளு வந்தாகணும். அது பொழுதுபோக்கு இல்ல, உயிர். வெள்ளம் தாங்கற ரகம் வந்திருக்கு, சி.ஆர். 1009 சப்-1, இளம்பயிரா இருக்கறப்ப பத்து, பதினாலு நாள் முங்கிக் கிடந்தாலும் பிழைச்சுக்கும். அதுக்காக வடிகாலை விட முடியுமா? இடுப்புத் தண்ணியில நின்னு அரிக்கறப்ப ஊத்தாவும் கையுமா நாலு பேர் கூடவே வருவாங்க. கெளுத்தி, குரவை, அதிர்ஷ்டம் இருந்தா விரால். வேலை செய்யறவனை விட ஊத்தா வச்சிருக்கறவன் சத்தம்தான் அதிகமா இருக்கும்.

பொம்பளைங்க மழைக்காலத்தைப் பத்தி நான் கம்மியாத்தான் எழுதியிருக்கேன்னு வீட்டுல சொல்றாங்க. ஏன்னா அவங்களுக்கு வேலை இல்லாத மாசமே கிடையாது. ஈர விறகை ஊதறதும், காயாத துணியைத் திருப்பித் திருப்பிப் போடறதும் அவங்க பாடு. மார்கழியில மட்டும் ஒரு கொண்டாட்டம் உண்டு. நாலரை மணிக்குக் கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை ஆரம்பிக்கறதுக்குள்ள வாசல் தெளிச்சுக் கோலம் போட்டாகணும், எதிர்வீட்டைவிட ஒரு புள்ளியாவது கூட வச்சு. பூசணிப்பூவுக்கு இருக்கற அடிதடி எங்க ஊருல பஞ்சாயத்துத் தேர்தலுக்குக்கூடக் கிடையாது. மத்தியானத்துல தாயம் ஓடும். என் அத்தை எழுபது வயசுல பித்தளைத் தாயக்கட்டையை உருட்டறப்ப பார்க்கணும், கேட்ட எண்ணு விழும். ஏமாத்தறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், எப்படின்னு இன்னும் கண்டுபிடிக்க முடியல.

பிரி திரிக்கறதும் இருக்கு. முன்னெல்லாம் அறுத்த கதிரைக் கட்டறதுக்கு வைக்கோல் பிரி ஆயிரக்கணக்குல வேணும், மார்கழி பூரா திண்ணைக்குத் திண்ணை அதான் வேலை. இப்ப மிஷின் அறுக்குது, வைக்கோலையும் மிஷினே உருட்டிக் கட்டிடுது. பிரிக்கு வேலை இல்ல. பழக்கத்துல ரெண்டு மூணு கிழவனுங்க இன்னும் திரிக்கறாங்க. சித்தப்பா அதுல சேர மாட்டார். "யாருக்குடா அது?"ம்பார்.

அவருக்கு இப்ப எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு. கீத்து முடைய முதுகு ஒத்துழைக்கல, குனிஞ்சு உட்கார முடியல. இந்த வருஷம் நாற்காலியில உட்கார்ந்தபடி கிட்டி கட்டறார். மூங்கிலை வில்லு மாதிரி வளைச்சு, கயிறு கட்டி, எலி இரையைத் தொட்டதும் கழுத்துல சட்டுனு அடிக்கற பொறி. விவசாயத் துறைக்காரங்களே அதைத் தஞ்சாவூர் கிட்டின்னுதான் சொல்றாங்க. கதிர் பால் புடிச்சுக்கிட்டிருக்கு, எலி இறங்கற நேரம். கிட்டி வைக்கற ஆளு பக்கத்து ஊர்ல இருந்து வந்துக்கிட்டிருந்தவர் போன வருஷம் தவறிட்டார், அவர் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அதனால தெக்குத் தெரு அக்காவோட பேரன், பத்தாவது படிக்கறவன், சாயங்காலம் வந்து சித்தப்பாகிட்ட கட்டக் கத்துக்கறான். ஒரு எலிக்கு இவ்வளவுன்னு கூலி பேசியாச்சு. பையன் கெட்டிக்காரன், விலையை அவன்தான் பேசினான்.

நேத்து சாயங்காலம் அறுபது கிட்டி கொண்டு போய் வச்சோம். காலையில எடுத்துப் பார்த்தப்ப பதினேழு எலி. அஞ்சு கிட்டி அடிக்கவே இல்ல. அதைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டே சித்தப்பா, "வளைவு பத்தல. நாளைக்கு முத்தின மூங்கிலா பார்த்து வெட்டிக்கிட்டு வா"ன்னு என்கிட்ட சொல்லியிருக்கார். மேற்கே கொஞ்சம் வெளுத்திருக்கு. மத்தியானத்துக்குள்ள போய் வெட்டிட்டு வந்துடணும்.